பார்வை இல்லாமல் சமைப்பது எப்படி? கடுகு வெடிக்கும் சத்தம் போதும்!

"அடுப்புப் பக்கம் போகாதே, சுட்டுக்குவே!" பார்வை மாற்றுத்திறனாளி பிள்ளைகள் வீட்டில் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். 2012-ல் அமெரிக்காவின் 'மாஸ்டர்செஃப்' பட்டத்தை வென்ற கிறிஸ்டீன் ஹா, பார்வையை இழந்தவர்.

சமையலில் பாதி வேலை காதுக்கும் மூக்குக்கும்தான். கடுகு படபடவென வெடித்து அடங்கினால் அடுத்து வெங்காயம். பச்சை வாசனை போனால் மசாலா ரெடி. சாதத்துக்கு அரிசி மேல் விரலை நிறுத்தி, முதல் ரேகை வரை தண்ணீர்; நம்ம பாட்டிகள் அளந்ததும் இப்படித்தானே!

பழக்கும்போது முதலில் அடுப்பைப் பற்றவைக்காமலே பாத்திரத்தை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பர்னரின் நடு எங்கே, கைப்பிடி எந்தப் பக்கம் என்று கை பழகட்டும். இண்டக்‌ஷன் வாங்கினால் டச் வேண்டாம், அழுத்தும் பட்டன் உள்ளதே தடவிப் பார்க்க வசதி.

உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. ஆனால் எடுத்த டப்பாவை அதே இடத்தில் வைக்கப் பழக வேண்டியது வீட்டில் மற்றவர்கள்தான்.