ரெண்டு கட்டை நாயனம் ரெண்டரையைத் தாண்டியது ஏன்?

திரையில் படம் நின்றுபோனால் தொலைக்காட்சி நிலையமே எழுந்து ஓடிவரும். ஒலி கொஞ்சம் பிசகினால் ஒருவரும் அசையமாட்டார்கள். மாஸ்டர் கன்ட்ரோல் அறையில் வேலை பார்க்கும் எனக்கு இந்த இரண்டாவது ரகம்தான் பெரிய தலைவலி.

டேப் என்பதே எங்கள் அறையில் இப்போது கிடையாது. காலை மங்கல இசை முதல் இரவுச் செய்தி முன்னோட்டம் வரை எல்லாமே ஃபைல். ப்ளேஅவுட் சர்வர் என்கிற கணினி அவற்றை வரிசைப்படி எடுத்து ஒளிபரப்புக்கு விடும். படம் நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி நொடிக்கு 48,000 சாம்பிள். இதுதான் அதன் நடை. சாம்பிள் என்பது, ஒரு கணத்தில் ஒலி அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அளந்து குறித்த எண். நொடிக்கு எத்தனை தடவை அளந்தோமோ அது சாம்பிள் ரேட்.

48,000ஐ 25ஆல் வகுத்தால் 1,920. ஃபிரேமுக்கு 1,920 சாம்பிள் வரும் என்று சர்வர் காத்திருக்கிறது. வந்த ஃபைலோ 44,100 ரேட்டில் பதிவானது என்றால் 1,764தான் கிடைக்கும். ஃபிரேமுக்கு 156 பற்றாக்குறை. நன்றாக எழுதப்பட்ட சர்வர், இல்லாத எண்களைத் தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த வசதி இல்லாதது மூன்றில் ஒன்றைச் செய்யும்: குறையும் இடத்தில் மௌனத்தைச் செருகிக் கரகரக்கும், ஒலியே விடாமல் ஊமையாகும், அல்லது கிடைத்ததை 48,000 வேகத்தில் ஓட்டிவிடும். மூன்றாவதில்தான் ஆபத்து. கரகரப்பும் மௌனமும் உடனே காதில் விழும். வேகம் 8.8 சதவீதம் கூடியது பலருக்குத் தெரியாது.

எதற்கு இரண்டு எண்கள்? மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிசகாமல் பதிய, அதன் இரு மடங்குக்கும் மேல் தடவை அளக்க வேண்டும். டிஜிட்டல் ஒலி வந்த புதிதில், அவ்வளவு தரவைத் தாங்கக் கைக்கு எட்டிய சாதனம் வீடியோ டேப்தான். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு (ஃபீல்டு என்பது அரை ஃபிரேம்), ஃபீல்டுக்கு 294 கோடு, கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கினால் 44,100. அமெரிக்க, ஜப்பானிய முறையில் 60 ஃபீல்டு, 245 கோடு, 3 சாம்பிள். அதுவும் 44,100. 1982இல் கடைக்கு வந்த சிடி இந்த எண்ணோடுதான் வந்தது. அதிலிருந்து எம்பி3க்கும் தாவியது. படத்துறைக்கு அது ஒத்துவரவில்லை. சினிமாவின் 24 ஃபிரேமால் 44,100ஐ வகுத்தால் 1,837.5. அரை சாம்பிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 48,000 என்றால் 24, 25, 30 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். டிவி டேப்பில் பிறந்த எண் இசைக்குப் போனது, டிவிக்கு வேறு எண் வந்தது.

எங்களிடம் ஒருமுறை காலை மங்கல இசைக்கு நாதஸ்வரப் பதிவு ஒன்று வந்தது. ஒளிபரப்பான அன்றே வாசித்த வித்வானிடமிருந்து போன்.

“தம்பி, அது நான் வாசிச்சதுதான். ஆனா என் நாயனத்துக்குச் சுருதி ரெண்டு கட்டை. உங்க டிவில ரெண்டரையையும் தாண்டிக் கேக்குதே?”

“கொஞ்சம் பொறுங்கய்யா, பாத்துட்டு நானே கூப்பிடுறேன்.”

ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் சாம்பிள் ரேட் 48,000 என்றே காட்டியது. படத்தில் கோபுரமும் கொடிமரமும்தான். வாசிப்பவர் முகமே இல்லை. எடிட்டரும் ஒலியின் நீளத்துக்கே படத்தை வெட்டியிருந்தார். உதட்டசைவை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சுருதிப்பெட்டி செயலியை ரெண்டு கட்டையில் வைத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். நாயனம் ரெண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது, ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரத்தானம் மேலே. 44,100ஐ 48,000ஆக ஓட்டினால் சுருதி சரியாக அவ்வளவுதான் ஏறும். பதிவு நடந்த இடத்தில் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. டிஜிட்டல் மிக்சரின் கடிகாரம் 44,100இல் ஓடியிருக்கிறது. கணினி மென்பொருளில் 48,000 என்று போட்டிருக்கிறார்கள். மல்லித்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள்.

இப்படிப்பட்ட ஃபைலை 48,000க்கு மாற்றச் சொன்னால் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே 48,000தானே என்று விட்டுவிடும். முதலில் சாம்பிள்களைத் தொடாமல் பெயரை மட்டும் 44,100 என்று திருத்த வேண்டும். அதன்பிறகே மாற்றம். திருத்தியதும் நாயனம் ரெண்டு கட்டைக்கு இறங்கியது. 10 நிமிட வாசிப்பு 10 நிமிடம் 53 விநாடி ஆனது. அந்த 53 விநாடிக்கு ப்ளேலிஸ்டில் இடம் தேடியது தனிக் கூத்து.

பெயரும் சரக்கும் ஒத்துப்போகிற 44,100 ஃபைலுக்கு வைத்தியம் எளிது. அதை ஒளிபரப்பு நேரத்தில் சர்வர் தலையில் கட்டாமல், வாசலிலேயே முடிப்பதுதான் எங்கள் வழக்கம். வரும் ஃபைல் எல்லாம் முதலில் ஒரு ஃபோல்டரில் விழும். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் அங்கே காவலுக்கு நிற்கும். அதற்கு நாங்கள் எழுதிவைத்த கட்டளை இதுதான்: படத்தைத் தொடாதே, அப்படியே நகலெடு, ஒலியை மட்டும் 48,000 ஆக்கு. படத்தை மறுபடி சுருக்காததால் தரம் குறையாது, நேரமும் பிடிக்காது. உள்ளே நடப்பது 147க்கு 160 என்ற கணக்கு. 147 சாம்பிள் இருந்த இடத்தில், அதே அலையின்மேல் புதிதாக 160 புள்ளிகளைக் கணக்கிட்டு வைக்கும். நேரமும் சுருதியும் மாறாது. மூல ஃபைலைப் பத்திரப்படுத்தி, மாற்றத்தை அதிலிருந்து ஒரே தடவை செய்ய வேண்டும். எம்பி3 போன்ற சுருக்கிய ஒலியை மாற்றி மாற்றிச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

இரண்டு கருவியிலும் 48,000 என்றிருந்தும் ஒலி மெல்ல மெல்லப் படத்தைவிட்டு விலகுவதுண்டு. அவற்றின் கடிகாரங்கள் பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் வேறுபட்டாலே, ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி, அதாவது நாலரை ஃபிரேம் பிசகும். இதற்கு ஃபைலை மாற்றிப் பயனில்லை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடிகாரத் துடிப்பைக் கொடுக்கும் ஜென்லாக் இணைப்புதான் மருந்து.

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து யூடியூப் நடத்துபவர்களுக்கும் இது பொருந்தும். கேமரா, தனி ரெக்கார்டர், மிக்சர், எடிட்டிங் புராஜெக்ட் நான்கிலும் 48,000 இருக்கிறதா என்று படப்பிடிப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழைய பாட்டு 44,100இல் இருந்தால் பயம் வேண்டாம், எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் தானே மாற்றிக்கொள்ளும்.

எங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பும் ஸ்டுடியோக்களிடம் நான் சொல்வதும் ஒன்றுதான்: 44,100இல் பதிந்திருந்தால் அப்படியே சொல்லி அனுப்புங்கள், மாற்றுவது எங்கள் வேலை. 48,000 என்று பொய்யாக எழுதி வரும் ஃபைலைப் பிடிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. அதற்கு ஒரு வித்வான் டிவி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.