லோகோ டி-ஷர்ட்: விலை 220 ரூபாயா, நாளுக்கு 9 ரூபாயா?

சோலார் சர்வீஸ், டவர் மெயின்டனன்ஸ், கலெக்ஷன், லாரி லோடு சூப்பர்விஷன்... ஃபீல்டு வேலையில இருக்கிற பலருக்கும் கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட் கட்டாயம். ஆனா அதைச் சொந்தக் காசுல வாங்கிக்கச் சொல்ற கம்பெனிகளும் உண்டு. நாமளும் இருக்கிறதிலேயே விலை குறைஞ்சதை எடுத்துட்டு வந்துடுவோம். அது உண்மையிலேயே மிச்சமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, 220 ரூபாய் டி-ஷர்ட் 25 தடவை போட்டதும் பிரிண்ட் உரிஞ்சிடுதுன்னு வைங்க. ஒரு தடவைக்கு 8.80 ரூபாய். 450 ரூபாய் டி-ஷர்ட் 100 தடவை வந்தா 4.50 ரூபாய்தான். வருஷத்துல 300 வேலை நாள்னா முதலாவதுக்கு 2,640 ரூபாய், இரண்டாவதுக்கு 1,350 ரூபாய். வித்தியாசம் 1,290 ரூபாய். கடையில மலிவாத் தெரிஞ்சதுதான் வருஷக் கடைசியில கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவு வைக்குது.

அந்த 100 தடவை உழைக்குமா உழைக்காதாங்கிறதை மூணு விஷயம் முடிவு பண்ணுது: துணி, பிரிண்ட், துவைக்கிற விதம். இதைப் புரிஞ்சுக்க மரக்காணத்தை விடக் கடுமையான இடம் வேண்டாம்.

உப்புக் காத்துல என்ன ஆகுது?

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல, ஈசிஆர்ல இருக்கிற மரக்காணத்துல ரோட்டை ஒட்டியே உப்பளம். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். அதனால உற்பத்தி மும்முரமா நடக்கிற மாசங்கள்தான் துணிக்கும் மோசமான மாசங்கள். வெயில் சாயத்தை வெளுக்க வைக்கும். வியர்வையும் கடல் காத்தும் சேர்ந்து துணியில உப்பைப் படிய வைக்கும். காய்ஞ்ச உப்புப் பொடி மணல் மாதிரி நூலை உரசும். போதாததுக்கு உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். சரியா அலசாத சட்டை காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் பிசுபிசுக்கும், மடிச்சு வெச்சா கரும்புள்ளி விழும்.

துணி

முழுக் காட்டன் வியர்வையை உறிஞ்சும், ஆனா காய நேரம் ஆகும். முழு பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனா வாடை தங்கும். வெளி வேலைக்கு இரண்டும் கலந்த துணி நல்ல நடுவழி. ஜிஎஸ்எம்-னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல. ரவுண்டு நெக்குக்கு 180, காலர் வெச்ச போலோவுக்கு 220 அளவுல கேளுங்க. வெயில்ல நிக்கிறவங்க கறுப்பு, நேவி ப்ளூவைத் தவிர்ங்க. சூடு அதிகம், முதுகுல உப்புப் பூத்ததும் பளிச்சுன்னு தெரியும்.

பிரிண்ட்

கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எந்த பிரிண்ட்?"

• ஸ்கிரீன் பிரிண்ட்: சரியான சூட்டுல பதமாக்கினா நல்லா உழைக்கும். சூடு பத்தலைன்னா சில துவைப்புலயே வெடிக்கும். ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் செலவு இருக்கிறதால, ஒரே கலர் லோகோவை மொத்தமா அடிச்சாத்தான் விலை குறையும்.
• டிடிஎஃப்: நாலைஞ்சு பீஸுக்கு வசதி. துணி மேல ஒரு படலமா ஒட்டுறதால, பெரிய டிசைன் போட்டா அந்த இடத்துல காத்து போகாது. நெஞ்சுல சின்ன லோகோவோட நிறுத்திக்கோங்க.
• சப்ளிமேஷன்: சாயம் நூலுக்குள்ளயே இறங்கிடும், அதனால உரியாது. ஆனா வெளிர் நிற பாலியெஸ்டருக்கு மட்டும்தான் சரிவரும்.
• எம்பிராய்டரி: விலை கொஞ்சம் கூட. சின்ன லோகோவுக்கு ரொம்ப நாள் உழைக்கிறது இதுதான்.

ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் வாங்கி மூணு தடவை துவைச்சுப் பாருங்க. டீம்ல அஞ்சு பேர் சேர்ந்து ஆளுக்கு மூணுன்னு எடுத்தா 15 பீஸ் ஆகிடும், பேரம் பேச இடம் கிடைக்கும். மூணை மாத்தி மாத்திப் போட்டா ஒவ்வொண்ணும் நிதானமாக் காயும்.

துவைக்கிற விதம்

1. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போடாம நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு அங்கேயே இறங்கிடும். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது, துணியும் விறைச்சுப் போகும். போர் தண்ணி உப்பா இருந்தா கடைசி அலசலுக்காவது ஒரு வாளி நல்ல தண்ணி வையுங்க.
2. உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பித் துவைங்க. பிரிண்ட் மேல பிரஷ் வேண்டாம், கல்லுல அடிக்கவும் வேண்டாம். ப்ளீச் கூடவே கூடாது.
3. நிழல்ல காய வையுங்க.
4. அயர்ன் பண்ணும்போதும் திருப்பிப் போடுங்க. பிரிண்ட் மேல நேரடியாச் சூடு பட்டா இளகி ஒட்டிக்கும்.

பில், வரி

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்குமான ரெடிமேட் துணிக்கு ஜிஎஸ்டி 5%. உங்க பில்லுல அதுக்கு மேல போட்டிருந்தா ஏன்னு கேளுங்க.

சம்பளத்துல 'யூனிஃபார்ம் அலவன்ஸ்' வருதா? பழைய வரி முறையில, வேலைக்கான யூனிஃபார்ம் வாங்கவும் பராமரிக்கவும் நீங்க உண்மையிலேயே செலவழிச்ச அளவுக்கு விலக்கு உண்டு. அதனால பில்லைப் பத்திரமா வையுங்க. புது வரி முறையில அந்த விலக்கு கிடையாது, அலவன்ஸ் முழுக்க வருமானமாச் சேரும். புது முறையில இருக்கிறவங்க, பணத்துக்குப் பதிலா யூனிஃபார்மாவே குடுக்க முடியுமான்னு எச்ஆர்-கிட்ட பேசிப் பாருங்க.

விலை குறைஞ்சது எப்போ சரி?

எப்பவும் விலை கூடினதே நல்லதுன்னு நான் சொல்லலை. 450 ரூபாய் சட்டையை 30 தடவை மட்டும் போட்டா ஒரு தடவைக்கு 15 ரூபாய். நோட்டீஸ் பீரியட்ல இருக்கீங்க, ஒரு மாச பிராஜெக்ட், இல்ல வடகிழக்குப் பருவமழை வந்து உப்பளம் நிக்கிற வரைக்கும்தான் வேலைன்னா, 220 ரூபாய் சட்டையே போதும்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி விலைச் சீட்டைப் பார்க்காம காலண்டரைப் பாருங்க. இந்தச் சட்டையை எத்தனை நாள் போடப் போறீங்கன்னு எண்ணுங்க. விலையை அந்த எண்ணால வகுங்க. அதுக்கப்புறம் பேரத்தை ஆரம்பிங்க.