வழித்துணையாகும் கருவிகள்

நுழையும் முன்

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குப் பொங்கல் விழா ஒரு நெடும்பயணத்துடன் தொடங்குகிறது. சிலர் பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்வர். சிலர் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ புறப்படுவர். சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து, எலக்ட்ரானிக் சிட்டி உயர்மட்டச் சாலையில் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அதற்கப்பால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம். இந்த வழி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் நெடிய சாலை அது.

இவ்வழியில் காரை ஓட்டுபவர் ஒருவரே. எனினும், பயணத்தைப் பாதுகாப்பாக முடிப்பதில் காரில் உள்ள அனைவருக்கும் பங்கு உண்டு. வானொலி, விளக்குகள், மாற்றுச் சக்கரம் ஆகிய மூன்றையும் முறையாகக் கையாள்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வானொலி: செவிக்கு விருந்து, கண்ணுக்கு அன்று

வானொலிக்கும் கருநாடகத்திற்கும் ஒரு சிறப்பான தொடர்பு உண்டு. மைசூரில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றிய எம்.வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்தார். அது 'ஆகாசவாணி' எனப் பெயர் பெற்றது. பின்னர் அனைத்திந்திய வானொலியும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. தனியார் பண்பலை வானொலி இந்தியாவில் முதன்முதலாக ஒலித்த நகரமும் பெங்களூருவே. அது 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்தது.

பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. தொலைவு கூடும்போதும், மலைகள் குறுக்கிடும்போதும் அவை வலுவிழக்கும். ஆகவே, பெங்களூருவை விட்டு விலக விலக, நன்கு ஒலித்துக்கொண்டிருந்த நிலையம் கரகரக்கத் தொடங்கும். வேறு நிலையத்தைத் தேட ஓட்டுநரின் கை நீளும். கண்ணும் கையைத் தொடரும். கார் விரைவாக ஓடுவதும் அந்த நெடுஞ்சாலையில்தான். ஆபத்து அங்கேதான் உள்ளது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. ஓட்டுநர் இரண்டு நொடி வானொலியைப் பார்த்தால், கார் 44 மீட்டர் தொலைவைப் பார்வையின்றியே கடந்துவிடும். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான தொலைவைக் கண்களை மூடிக்கொண்டு ஓடுவதற்கு இது சமம்.

எனவே மூன்று நெறிகள் பின்பற்றத்தக்கவை. முதலாவது, கேட்க விரும்பும் நிலையங்களைக் கார் நிற்கும்போதே பதிவுசெய்து வைத்தல். இரண்டாவது, பயணத்தின்போது வானொலியை இயக்கும் பொறுப்பை முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மற்றொருவரிடம் ஒப்படைத்தல். ஓட்டுநர் தனியே சென்றால், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களை மட்டும் பயன்படுத்தலாம். மூன்றாவது, ஆம்புலன்சின் ஒலி காதில் விழும் அளவிற்கு வானொலியின் ஒலியைக் குறைத்து வைத்தல்.

விளக்குகள்: சாலையின் மொழி

காரின் விளக்குகள் வழியைக் காட்டுவதற்கு மட்டும் உரியவை அல்ல. அவை பிறரோடு பேசும் மொழியும் ஆகும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். பகலில் வழியைக் காண அவ்விளக்குத் தேவையில்லை. வண்டி வருவதைப் பிறர் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பெரும்பாலான இந்தியக் கார்களில் ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் உள்ள தண்டு விளக்குகளை இயக்குகிறது. ஸ்டியரிங் எத்திசையில் சுழலுமோ அத்திசையிலேயே தண்டும் நகரும். அதை மேலே தள்ளினால் இடப்பக்கத் திசைகாட்டி விளக்கும், கீழே இறக்கினால் வலப்பக்கத் திசைகாட்டி விளக்கும் மின்னும். தண்டின் முனையைத் திருகினால் முகப்பு விளக்கு எரியும்.

முகப்பு விளக்கிற்கு இரு நிலைகள் உண்டு. தாழ்ஒளி சாலையின் அருகிலுள்ள பகுதியைக் காட்டும். உயர்ஒளி தொலைவு வரை பாயும். உயர்ஒளி எரியும்போது ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் நீல நிறக் குறி தோன்றும். எதிரே வண்டி வரும்போதும், முன்னே ஒரு வண்டி செல்லும்போதும் தாழ்ஒளிக்கு மாற்ற வேண்டும். உயர்ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அவர் சில நொடிகள் வழி தெரியாமல் ஓட்ட நேரிடும். நந்திமலையின் அதிகாலைப் பனிமூட்டத்திலும் தாழ்ஒளியே ஏற்றது. உயர்ஒளியைப் பனித்துளிகள் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். அதனால் முன்னே வெண்திரை விரித்தாற்போலத் தோன்றும்.

சிவப்பு முக்கோணம் பொறித்த பொத்தானை அழுத்தினால் நான்கு திசைகாட்டி விளக்குகளும் ஒருங்கே மின்னும். இது எச்சரிக்கை விளக்கு. 'இவ்வண்டி நின்றுவிட்டது, இடையூறாக உள்ளது' என்பதே அதன் பொருள். சந்திப்பில் நேராகச் செல்லும்போதும், மழையில் ஓட்டும்போதும் சிலர் இதனை எரியவிடுகின்றனர். இது தவறான பழக்கம். நான்கு விளக்குகளும் மின்னிக்கொண்டிருக்கும்போது கார் எப்பக்கம் திரும்பப்போகிறது என்பதைப் பின்னே வருபவர் அறிய இயலாது.

ஸ்டெப்னி: ஒரு தெருவின் பெயர்

மாற்றுச் சக்கரத்தை ஓசூரிலும் பெங்களூருவிலும் 'ஸ்டெப்னி' என்றே அழைக்கின்றனர். இச்சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. தொடக்கக் காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் இல்லை. சாலைகளில் குதிரை லாட ஆணிகள் கிடந்தன. டயரில் துளை விழுந்தால் அதைக் கழற்றி ஒட்டும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1904ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் லானெல்லி ஊரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், பழுதான சக்கரத்தோடு சேர்த்துப் பொருத்தக்கூடிய ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார். அவரது பணிமனை ஸ்டெப்னி தெருவில் இருந்ததால் அச்சக்கரமும் அப்பெயரைப் பெற்றது. அது நூறாண்டுகளுக்கும் மேலாக இந்திய மொழிகளில் வாழ்ந்து வருகிறது.

இக்காலத்துக் கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னி இருப்பதில்லை. துளையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் கருவியும் மட்டுமே இருக்கும். வேறு சிலவற்றில் உள்ள ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிட மெலிதானது. அதன்மேல் வேக வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். எனவே காரில் இருப்பது எது என்பதைப் பயணத்திற்கு முன்பே பார்த்தறிவது இன்றியமையாதது.

மாற்றுவதற்கு முன்

ஓடும் காரின் டயரில் காற்று இறங்கினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது ஓட்டுநர் பிரேக்கைத் திடீரென மிதிக்கலாகாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இடப்பக்கத் திசைகாட்டியை இட்டு, சாலையை விட்டு நன்கு ஒதுங்க வேண்டும்.

எங்கு நிறுத்துவது என்பதே முதல் முடிவு. தரை சமமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள எலக்ட்ரானிக் சிட்டி உயர்மட்டச் சாலையில் ஒதுங்குவதற்கு இடம் குறைவு. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாயில் சாலை சரிவானது. சரிவில் ஜாக்கியின்மீது நிற்கும் கார் நழுவக்கூடும். வளைவிலும் பாலத்திலும் நிறுத்துவது தகாது. இத்தகைய இடங்களில், கார் நகரக்கூடுமானால், எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு மெதுவாக ஊர்ந்து பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். அதனால் டயர் கிழிந்து வீணாகலாம். டயரை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலாது.

வலப்பக்கச் சக்கரம் பழுதானால் கூடுதல் கவனம் தேவை. அதனை மாற்றுபவர் விரைந்து வரும் வண்டிகளின் அருகே குனிந்திருக்க நேரும். போதிய இடம் இல்லையெனில் மாற்றாமல் இருப்பதே அறிவுடைமை. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்னும் எண்ணை அழைக்கலாம். எவருக்கேனும் அடிபட்டால் 108, வேறு எந்த அவசரத்திற்கும் 112.

மாற்றும் முறை

1. எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தல். தானியங்கிக் கியர் கார் எனில் நிறுத்த நிலையில் வைத்தல்.

2. அனைவரும் இடப்பக்கக் கதவு வழியே இறங்கி, சாலையோரத் தடுப்பிற்கு அப்பால் நிற்றல். காரினுள் எவரும் இருக்கலாகாது.

3. ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பின்னே குறைந்தது 50 மீட்டர் தொலைவில் வைத்தல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அத்தொலைவை இரண்டே கால் நொடியில் கடந்துவிடும். எனவே நெடுஞ்சாலையில் இன்னும் பின்னே வைப்பது நன்று.

4. பழுதான சக்கரத்திற்கு மூலைக்கு மூலையாக எதிரே உள்ள சக்கரத்தின் இருபுறமும் கற்களை வைத்துத் தடுத்தல்.

5. மரைகளைக் கழற்றாமல், இடஞ்சுழியாக அரைச் சுற்று மட்டும் தளர்த்துதல். பணிமனைகளில் மரையை 'நட்டு' என்பர். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காரைத் தூக்கிய பின் செய்தால் மரையோடு சக்கரமும் சுழலும். கார் ஆடி ஜாக்கியிலிருந்து சரியக்கூடும்.

6. கார்க் கையேட்டில் குறித்துள்ள இடத்தில் ஜாக்கியைப் பொருத்தி, சக்கரம் தரையை விட்டு எழும் வரை தூக்குதல். கைப்பிடியைப் பலமுறை சுற்றினால் கார் சிறிதளவே உயரும். திருகாணியின் அத்தத்துவமே எளிய மனிதரையும் பெருஞ்சுமையைத் தூக்க வைக்கிறது.

7. மரைகளைக் கழற்றி ஒரே இடத்தில் சேர்த்து வைத்தல். கழற்றிய சக்கரத்தை, ஜாக்கிக்கு அருகே, காரின் பக்கவாட்டின் கீழ்ப் படுக்கையாக வைத்தல். ஜாக்கி சரிந்தாலும் அச்சக்கரம் காரைத் தாங்கும். எந்நிலையிலும் காரின் அடியில் தலையையோ கையையோ நுழைக்கலாகாது.

8. ஸ்டெப்னியைப் பொருத்தி, மரைகளைக் கையால் முடுக்குதல். பின்பு அடியில் வைத்த சக்கரத்தை எடுத்துவிட்டுக் காரை இறக்குதல்.

9. தரையில் ஊன்றிய பின் மரைகளை ஸ்பானரால் இறுக்குதல். அடுத்தடுத்து இறுக்காமல், ஒன்றற்கு எதிரே உள்ள மற்றொன்றை, விண்மீன் வரைவதுபோல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் எப்பக்கமும் சாயாமல் பொருந்தும்.

10. முக்கோணத்தை மறவாமல் எடுத்துக்கொண்டு, அடுத்த பஞ்சர் கடையில் காற்றழுத்தத்தையும் மரைகளையும் சரிபார்த்தல்.

சிறுவர்களின் பங்கு

சக்கரம் மாற்றுவது பெரியவர்களின் பணி. எனினும், தடுப்பிற்கு அப்பால் நிற்கும் சிறுவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் மஞ்சள் தலைப்புடைய கிலோமீட்டர் கற்கள் நாட்டப்பட்டுள்ளன. உதவிக்கு அழைக்கும்போது, 'எங்கே இருக்கிறீர்கள்?' என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அத்திப்பள்ளியைக் கடந்ததும் ஊர்ப்பெயர்ப் பலகைகள் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறுகின்றன. கல்லிலுள்ள எண்ணையும் பலகையிலுள்ள ஊரின் பெயரையும் பிழையின்றிப் படித்துச் சொல்லும் சிறுவன் அல்லது சிறுமி, உதவி விரைந்து வர வழி செய்கிறார்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது பழமொழி. நள்ளிரவில், நெடுஞ்சாலையில், முதன்முறையாக ஜாக்கியைத் தேடுவது பயன் தராது. வீட்டு வாயிலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்து, அதன் காற்றையும் சோதித்தவரே துணிவோடு ஊர் செல்வர்.

சொல்லும் பொருளும்

பண்பலை – எஃப்.எம். வானொலி
திங்கள் – மாதம்
மரை – திருகாணியில் முடுக்கப்படும் துளையுள்ள உலோகத் துண்டு, நட்டு
இடஞ்சுழி – கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைச் சுழற்சி
கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த வழி
அணை கோலுதல் – அணை கட்டுதல்

பயிற்சி

அ. விடையளிக்க.
1. 'ஆகாசவாணி' என்னும் பெயர் எங்கு, எப்போது தோன்றியது?
2. பனிமூட்டத்தில் உயர்ஒளி ஏன் பயன்படுவதில்லை?
3. காரைத் தூக்குவதற்கு முன்பே மரைகளைத் தளர்த்துவது ஏன்?
4. டயரை மாற்றாமல் உதவிக்கு அழைப்பதே சிறந்தது எனும் சூழல்கள் இரண்டினை எழுதுக.

ஆ. கணக்கிடுக.
மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 3 நொடிகளில் எத்தனை மீட்டர் கடக்கும்?

இ. எடுத்துக்காட்டைப் போல் மாற்றுக.
எ.கா. சக்கரம் சுழன்றது (தன்வினை) – ஓட்டுநர் சக்கரத்தைச் சுழற்றினார் (பிறவினை).
1. மரை தளர்ந்தது.
2. கார் நின்றது.
3. கார் இறங்கியது.

ஈ. செய்து பார்க்க.
வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள கார் ஒன்றைப் பெரியவர் துணையோடு பார்வையிடுக. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர், சிவப்பு முக்கோணம் ஆகியவை உள்ளனவா எனக் குறித்து வந்து, வகுப்பில் ஐந்து தொடர்களில் பேசுக.