கழிமுகத்துப் பாசறை

ஆறு கடலொடு கலக்கும் இடம் கழிமுகம் எனப்படும். புகார் என்பதும் அதற்கு ஒரு பெயர். தொலைவில் நின்று காண்பார்க்கு அவ்விடம் கண்ணுக்கு இனிய காட்சியாகும். ஆயின், ஆங்குக் கூடாரம் அமைத்துத் தங்குவார்க்கோ அதன் கடுமை புலனாகும். ஆறு கடலை நோக்கிப் பாயும். கடலின் ஓதம் ஆற்றை எதிர்த்து ஏறும். இரண்டும் மோதுமிடத்தில் அலைகள் உயர்ந்து எழும். காலையில் உலர்ந்து கிடந்த மணல் மாலையில் நீருள் மறையும். கண்முன் வெள்ளம் பெருகிக் கிடப்பினும், உவர்ப்பு ஏறிய அந்நீர் குடித்தற்கு உதவாது. இவ்வியல்பினை அமெரிக்க நாட்டு வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நன்கு விளக்கும்.

குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் ஆணைப்படி, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் படைத்தலைவர் இருவர், மேலைக் கடலுக்கு வழி காண 1804ஆம் ஆண்டு மே மாதத்தில் புறப்பட்டனர். மலையும் காடும் கடந்து, 1805ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் கொலம்பியா ஆற்றின் கழிமுகத்தை அடைந்தனர். அப்பொழுது அக்குழுவில் கைக்குழந்தை ஒன்று உட்பட 33 பேர் இருந்தனர்.

நவம்பர் 10ஆம் நாள் புயல் அவர்களைத் தடுத்தது. முன்னே செல்லவும் இயலாமல், பின்னே மீளவும் இயலாமல், வடகரையில் செங்குத்தான குன்றின் அடியில் அவர்கள் ஒடுங்கினர். ஓதம் ஏறுந்தோறும் தங்கிய இடம் நீரில் மூழ்கியது. வெள்ளம் அடித்து வந்த பெருமரங்களை அலைகள் கரையில் மோதின. ஓடங்கள் பாறையில் மோதி உடையாதவாறு, அவற்றுள் கற்களை நிரப்பி நீரில் அமிழ்த்தி வைத்தனர். தோலாடைகள் நனைந்து நைந்தன. ஆற்றின் நீர் உவர்த்தமையால் மழைநீரை ஏந்திக் குடித்தனர். ஐந்து நாள் சென்ற பின்னரே அவர்களால் அவ்விடம் விட்டு நீங்க முடிந்தது.

அவர்கள் அசைய அஞ்சிய அப்புயலிலேயே, அந்நிலத்துப் பழங்குடி மக்கள் சிறு ஓடங்களில் ஆற்றைக் கடந்து வந்து மீன் விற்றுச் சென்றனர். அவர்தம் ஓடம் செலுத்தும் திறத்தைக் கிளார்க் தம் நாட்குறிப்பில் வியந்து பாராட்டியுள்ளார். அயலார்க்கு அச்சமூட்டிய கழிமுகம், அதன் போக்கறிந்த அம்மக்களுக்கு நாளும் புழங்கும் வழியாய் இருந்தது.

குளிர்காலத்தை எங்குக் கழிப்பது என்னும் வினா அடுத்து எழுந்தது. தென்கரையில் பெருமான்கள் மிகுதி என்று கிளாட்சாப் மக்கள் கூறியிருந்தனர். அங்குக் கடலும் அண்மையில் இருந்தமையால் உப்புக் காய்ச்சலாம். தலைவர் இருவரும் தாமே முடிவு செய்திருக்கலாம், அவ்வாறு செய்திலர். நவம்பர் 24ஆம் நாள் ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டனர். கிளார்க்கிடம் அடிமையாய் இருந்த யார்க் என்பவரின் கருத்தும் குறிக்கப்பட்டது. பழங்குடிப் பெண்ணான சகாகவியா, உண்ணத்தக்க கிழங்கு மிகுதியாகக் கிடைக்கும் இடமே வேண்டும் என்றார். அந்நாட்டில் அடிமை முறை 1865இல்தான் ஒழிந்தது. பெண்களின் வாக்குரிமை 1920இல்தான் நாடு முழுமைக்கும் உறுதியாயிற்று. துன்பம் அனைவர்க்கும் பொதுவான இடத்தில், கருத்துரைக்கும் உரிமையும் அன்று பொதுவாயிற்று. ஆயினும், பயணம் முடிந்தபின் யார்க்குக்கு உடனே விடுதலை கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

பெரும்பாலோர் கருத்துப்படி அவர்கள் தென்கரை சேர்ந்தனர். ஓதம் எட்டாத மேட்டில், மரங்களால் ஒரு கோட்டை அமைத்து, அதற்குக் கிளாட்சாப் மக்களின் பெயரையே இட்டனர். சிலர் கடற்கரைக்குச் சென்று, கலங்களில் கடல்நீரை இரவும் பகலும் காய்ச்சி உப்பு எடுத்தனர். அக்குளிர்காலத்தில் மழையில்லாத நாள் 12 மட்டுமே. எனினும், இடமறிந்து அமைத்த பாசறை அவர்களைக் காத்தது. 1806ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அவர்கள் ஊர் நோக்கித் திரும்பினர்.

இயற்கையை எதிர்த்து நிற்றல் ஆற்றல் அன்று. அதன் இயல்பறிந்து ஒழுகுதலே ஆற்றலாகும். அவ்வறிவை அந்நிலத்து வாழ்வாரிடம் பணிந்து கேட்பதும், உடன் வருவார் அனைவர் சொல்லையும் மதிப்பதும் புதுநிலம் புகுவார்க்குப் பெருந்துணையாம்.