சோமென்: ஜப்பானியரின் வேனில் உணவு



ஜப்பான் என்றதும் பனி மூடிய பூஜி மலையும் செர்ரி மலர்களும் நம் நினைவிற்கு வருகின்றன. அந்நாட்டின் கோடையை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜூன் மாதத்தில் தொடங்கும் மழைப்பருவம் ஜூலையில் ஓய்ந்ததும், நாட்டின் பெரும்பகுதியை வெப்பமும் புழுக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. உடல் சோர்கிறது, பசி மந்தமாகிறது. இச்சோர்விற்கு 'நத்சுபாதே' என்று அவர்கள் மொழியில் ஒரு தனிப்பெயரே உண்டு. அந்நாட்களில் அவர்கள் விரும்பி உண்பது 'சோமென்' என்னும் மெல்லிய கோதுமை நூடுல்ஸ் ஆகும். அதைக் குளிரச் செய்து சாற்றில் தோய்த்து உண்பது பழைய முறை. காய்களுடன் கலந்து, புளிப்புச்சாறு ஊற்றிச் சாலட்டாக உண்பதும் இக்கால இல்லங்களில் வழக்கமாயிற்று. அச்சாலட்டை வீட்டில் செய்யும் விதத்தை இன்று கூற விரும்புகிறேன்.

செய்முறையை மட்டும் கூறினால் அது மனப்பாடப் பாடமாகிவிடும். மனப்பாடம் செய்தவன், ஒரு பொருள் கிடைக்காவிடின் திகைத்து நிற்பான். காரணம் அறிந்தவனோ, இடத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்வான். ஆதலால் ஒவ்வொரு செயலுக்கும் உரிய காரணத்தையும் உடன் கூறுகிறேன்.

முதலில் பொருளை அறிவோம். கோதுமை மாவு, உப்பு, நீர் ஆகிய மூன்றே சோமெனின் மூலப்பொருள்கள். நாரா மாநிலத்தைச் சேர்ந்த மிவா என்னும் ஊரே இதன் பிறப்பிடம் எனப் போற்றப்படுகிறது. கையால் செய்வோர், பிசைந்த மாவைக் கயிறு போல் திரித்து, உலராமலும் ஒட்டாமலும் இருக்கச் சிறிது எண்ணெய் தடவி, இரு கோல்களுக்கிடையே சுற்றி இழுக்கின்றனர். சற்றே ஆறவிட்டு மீண்டும் இழுக்கின்றனர். இவ்வாறு பலமுறை இழுத்தபின், அது நூல் போல் மெலிந்துவிடுகிறது. குளிரும் வறட்சியும் மிக்க பனிக்காலமே இத்தொழிலுக்கு ஏற்ற காலம். இழை அறாமல் இவ்வளவு நீள்வதற்குக் காரணம், கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம். மாவிலிடும் உப்பு அப்புரதத்தை மேலும் இறுக்குகிறது. இயந்திரத்தால் செய்யும்போது இழையின் விட்டம் 1.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால்தான் அதனைச் சோமென் என்று அழைக்கலாம் என்பது ஜப்பானியத் தர விதி.

ஜூலை 7ஆம் நாள் கொண்டாடப்படும் தனபாத்தா விழாவிலும் சோமென் உண்பது வழக்கம். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் சந்திக்கும் நெசவுப் பெண் விண்மீனையும் மாடு மேய்ப்பவன் விண்மீனையும் பற்றிய கதையே அவ்விழாவின் கரு. வானநூலார் வேகா என்றும் ஆல்டேர் என்றும் கூறுபவை அவையே. நெசவுப் பெண்ணின் நூலைச் சோமென் இழைகள் நினைவூட்டுகின்றன.

இனிச் சமையலுக்கு வருவோம். இருவருக்கு 100 கிராம் சோமென் போதும். ஒன்றரை லிட்டர் நீரை நன்கு கொதிக்கவிட்டு, அதில் இழைகளை உதிர்த்துத் தூவி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் மட்டும் வேகவிட வேண்டும். நீர் குறைவாயின் கரைந்த மாவு கஞ்சியாகி இழைகள் ஒட்டும். நீரில் உப்பு இடுதல் கூடாது. மாவிலேயே உப்பு இருக்கிறதன்றோ? அதன் பெரும்பகுதி வேகும்போது நீரில் கரைந்து வெளியேறிவிடுகிறது. ஆதலால் அந்நீரை வேறெதற்கும் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும். நுரை பொங்கினால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். அதனைத் 'திடுக்கிடச் செய்யும் நீர்' என்னும் பொருளில் 'பிக்குரி மிசு' என்பர். விறகடுப்பின் தீயை உடனே தணிக்க இயலாத காலத்து உபாயம் அது. இன்று அடுப்பைச் சற்றுக் குறைத்தாலே போதும்.

அடுத்தது கழுவுதல். இச்சாலட்டின் உயிர்நிலை இதுவே எனலாம். வெந்த இழைகளை உடனே வடித்து, குளிர்ந்த நீரில் துணி கசக்குவது போல் மெல்லக் கசக்கிக் கழுவ வேண்டும். இதனால் மூன்று பயன்கள் விளைகின்றன. முதலாவது, வெப்பம் நீங்குவதால் மேலும் வேகாமல் இழை உறுதியுடன் நிற்கிறது. இரண்டாவது, மேற்புறத்தில் கசிந்த மாவுச்சத்து கழுவப்படுவதால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. மூன்றாவது, செய்யும்போது தடவிய எண்ணெயின் எச்சமும் நீங்குகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய நூல்கள், 'குழாய் நீரில் கழுவுக' என்று கூறும். அங்கே குழாய் நீர் அப்படியே பருகத்தக்கது. நம் ஊர்களில் எல்லாக் குழாய் நீரும் அத்தகையது அன்று. கழுவிய பின் இவ்வுணவு மீண்டும் அடுப்பிற்குச் செல்வதில்லை. நீரில் நோய்க்கிருமி இருந்தால் அது நேரே வயிற்றைச் சென்றடையும். ஆகவே, காய்ச்சி ஆறவைத்துக் குளிரச் செய்த நீரிலேயே கழுவ வேண்டும். பனிக்கட்டி இடுவதாயின் அதுவும் அத்தகைய நீரில் ஆக்கியதாக இருக்கட்டும். பச்சையாகச் சேர்க்கும் காய்களுக்கும் இதே விதி. சொல்லை மட்டும் பின்பற்றிக் காரணத்தை மறந்தால், நல்ல உணவும் நோய்க்கு வழியாகும்.

காய்களில் முதன்மையானது வெள்ளரி. ஒரு வெள்ளரிக்காயை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, கால் தேக்கரண்டி உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தீர்களே, அது இங்கே நிகழ்கிறது. உப்பு, காயினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. முன்னரே பிழியாவிடின், அந்நீர் பின்னர் தட்டில் ஊறிச் சாற்றின் சுவையைக் கெடுக்கும். துருவிய கேரட்டும், நறுக்கிய முட்டைக்கோசும் சேர்க்கலாம். முட்டை உண்பவர் ஒரு முட்டையைத் தாள் போல் மெல்லியதாகச் சுட்டு, நூலாக அரிந்து மேலே தூவுவர். ஜப்பானியர் இதனைப் பொன்னிழை முட்டை என்னும் பொருள்பட அழைக்கின்றனர்.

மூன்றாவது, சாறு. இதற்கு அடிப்படை 'தாஷி' எனப்படும் ஊறல் நீர். 'கொம்பு' என்னும் கடற்பாசியில் நான்கு விரற்கடைத் துண்டு ஒன்றை ஒரு குவளை நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் வேண்டாத வாடையும் இறங்கும். இவ்வூறலில் நான்கு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எள் எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து குளிரச் செய்க. எண்ணெய் இவ்வளவே. உணவு இலேசாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்பாசி நீருக்கு அப்படி என்ன சுவை என்று கேட்கலாம். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகெடா இதே வினாவை எழுப்பினார். 1908ஆம் ஆண்டில் கொம்பிலிருந்து குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றில் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். தினந்தோறும் உண்ணும் ஊறல் நீரைப் பற்றி 'ஏன்' என்று ஒருவர் கேட்டதால் விளைந்த அறிவு இது. உலர்ந்த மீனைச் சேர்த்தும் தாஷி செய்வதுண்டு. எனினும் பௌத்த மடங்களின் சைவ உணவில் கொம்பும் உலர்ந்த காளானுமே இடம்பெறுகின்றன. ஆகவே புலால் உண்ணாதவரும் இச்சுவையை இழக்க வேண்டுவதில்லை.

எல்லாவற்றையும் உண்ணும் வேளையில்தான் கலக்க வேண்டும். இழைகளை நன்கு வடித்து, காய்களை மேலே பரப்பி, வறுத்த எள் தூவி, இறுதியில் சாறு ஊற்றுக. முன்னரே ஊற்றினால் இழைகள் நீரை உறிஞ்சி ஊறித் தளர்ந்துவிடும். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் உண்ணலாம் எனக் கருதுவோரும் உளர். வெந்த மாவுச்சத்து உறைநிலையை அடுத்த குளிரில் விரைவில் இறுகும் இயல்புடையது. மறுநாள் உங்களுக்குக் கிடைப்பது விறைத்த இழையே. தேவையான அளவே சமைப்பது நலம்.

சோமெனும் கொம்பும் எல்லா ஊர்களிலும் கிடைப்பன அல்ல. இங்கேதான் காரண அறிவு கைகொடுக்கிறது. மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கொண்டு செய்ய விரும்பினால், பொதுவாக அதன் மாவில் உப்பு இராது; ஆதலால் வேகும் நீரில் சிறிது உப்பு இட வேண்டும். 'உப்பு இடாதே' என்ற விதி இங்கே தலைகீழாகிறது. காரணம் மட்டும் மாறவில்லை. கொம்பிற்கு மாற்றாக உலர்ந்த காளானை ஊறவைத்து, அந்நீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளலாம். பழுத்த தக்காளியிலும் குளூட்டாமிக் அமிலம் உண்டு. வினிகர் இல்லையெனில் எலுமிச்சைச் சாறு புளிப்பைத் தரும். ஜப்பானிய எள் எண்ணெய் பெரும்பாலும் வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது. நம் நல்லெண்ணெயில் அந்த மணம் இராது. வறுத்துப் பொடித்த எள்ளைச் சிறிது கூடுதலாகச் சேர்த்தால் அக்குறை நீங்கும். கோதுமை ஒவ்வாதவர் மட்டும் இவ்வுணவைத் தவிர்க்க வேண்டும்; சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கிறது.

விடுமுறை நாளொன்றில் இதனைச் செய்து பாருங்கள். ஆணாயினும் பெண்ணாயினும் தம் உணவைத் தாமே ஆக்கத் தெரிந்திருப்பது நன்று. விடுதியில் தங்கிப் படிப்போருக்கு அது மிகவும் இன்றியமையாதது. செய்யும்போது ஒரு சோதனையையும் நடத்துங்கள். வெந்த இழைகளில் ஒரு கைப்பிடியைக் கழுவாமல் தனித் தட்டில் வையுங்கள்; மற்றவற்றைக் கழுவி வேறொரு தட்டில் வையுங்கள். பத்து நிமிடம் சென்றபின் இரண்டையும் முள்கரண்டியால் தூக்கிப் பாருங்கள். கழுவுதலைப் பற்றி நான் கூறியவை மெய்யா என்பதை அவ்விரு தட்டுகளும் உங்களுக்குச் சொல்லும்.