வாங்காத சீட்டுக்கு விழும் பரிசு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஏழாவதாக வரும் குபேர லிங்கத்தின் முன்னால் பௌர்ணமி இரவுகளில் வரிசை நீளும். கார்த்திகை மாதச் சிவராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். அன்று குபேரனே வந்து மலையைச் சுற்றுகிறான் என்ற நம்பிக்கையில் வெளியூர்க் கூட்டம் திரளும். கடன் அடைய வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடிய வேண்டும், போட்ட கடை ஓட வேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். அந்த வரிசையில் நிற்கும்போதே செல்போன் சிணுங்கி, 'உங்கள் இ-மெயில் முகவரிக்கு 5 கோடி ரூபாய் பரிசு விழுந்துள்ளது' என்று ஒரு செய்தி வந்தால்? சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் மனசு முதலில் சொல்லும். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.

அந்த நிமிடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எந்தச் சீட்டை வாங்கினேன்?

சீட்டே இல்லாத ஊர்

தமிழக அரசே 1968-ல் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கி நடத்தியது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் மாநிலத்தில் தடை செய்யப்பட்டன. இன்று தமிழ்நாட்டில் சட்டப்படி லாட்டரிச் சீட்டு விற்பனையே கிடையாது. 1967 முதல் லாட்டரி நடத்திவரும் கேரள அரசும் காகிதச் சீட்டைத்தான் விற்கிறது; ஆன்லைன் விற்பனை இல்லை. பரிசு விழுந்தவர் அசல் சீட்டைக் குறித்த காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆகவே, கேரள லாட்டரியை வாட்ஸ்அப்பில் விற்பதாக வரும் விளம்பரமும் போலியே.

இ-மெயில் முகவரிகளைக் குலுக்கிப்போட்டுக் கோடிகளை வழங்கும் லாட்டரி உலகில் எங்குமே இல்லை. மைக்ரோசாப்ட் லாட்டரி என்ற பெயரில் கடிதங்கள் சுற்றியபோது, அப்படி ஒன்றை நாங்கள் நடத்துவதில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 'கோன் பனேகா குரோர்பதி' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் ரூபாய் விழுந்ததாக வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் நாடு முழுவதும் பலரை ஏமாற்றின.

கட்டணத்துக்கு மேல் கட்டணம்

கடிதத்துக்குப் பதில் போட்டதும் பேச்சில் தேன் ஒழுகும். பெயர், ஆதார், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பிறகு முதல் கட்டணம் வரும். 'கோப்புக் கட்டணம்' என்று சில ஆயிரங்கள்தான் இருக்கும். கோடிக்கு முன்னால் அது தூசு போலத் தெரியும். அதைக் கட்டியதும் வரி, அதன்பின் சுங்கத் தீர்வை, அதன்பின் பணப் பரிமாற்றச் சான்றிதழ். கிரிவலத்தில் எட்டு லிங்கங்களைத் தாண்டினால் புறப்பட்ட இடம் வந்துவிடும். இந்தக் கட்டணச் சுற்றுக்கோ முடிவே கிடையாது. 'இவ்வளவு கட்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தானே' என்ற நினைப்புதான் ஆளை அடுத்த கட்டணத்துக்கு இழுத்துச் செல்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒடிசா கிராமத்து ஏழை ஒருவர், பிபிசி லாட்டரியில் தனக்குக் கோடிகள் விழுந்ததாக நம்பி, கேட்ட தொகையையும் கட்டிவிட்டு, பரிசை வாங்க டெல்லியில் உள்ள பிபிசி அலுவலகத்துக்கே போய் நின்றார். அப்படி ஒரு லாட்டரியே இல்லை என்று அங்கே சொன்னபோதுதான் கதை வெளியே வந்தது.

இங்கே ஒரு சட்ட உண்மையை மனதில் வைத்தால் போதும். இந்தியாவில் லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. அதைப் பரிசு தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். பரிசு பெறுபவர் முன்கூட்டியே யார் கணக்கிலும் கட்ட வேண்டியதில்லை. தவிர, வெளிநாட்டு லாட்டரிக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை செய்யப்பட்டது.

கடிதத்தைப் பார்க்கும் கண்

அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைத் தொட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயர் மேலே இருக்கும்; முகவரியோ ஏதோ ஒரு இலவச ஜிமெயிலாக இருக்கும். பதில் அனுப்பச் சொல்லும் முகவரி வேறொன்றாக இருந்தால் சந்தேகம் உறுதி. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் '48 மணி நேரத்துக்குள்' என்ற கெடுவும் சேர்ந்து வந்தால், வீட்டில் யாரையும் கலந்து பேச விடாமல் தனிமைப்படுத்துகிறார்கள் என்று பொருள்.

ரிசர்வ் வங்கி முத்திரையும் ஆளுநர் கையெழுத்தும் இருப்பதால் நம்பிவிட வேண்டாம். தனிநபர் யாருக்கும் தாங்கள் கணக்கு வைத்திருப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. பரிசுப் பணத்தை அங்கே போட்டுவைத்திருப்பதாகச் சொல்வது அப்பட்டமான பொய்.

எழுத்துப் பிழைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது பழைய பாடம். இத்தகைய கடிதங்கள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பதற்கு மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு விளக்கம் தந்தார். நம்ப முடியாத கதையை வேண்டுமென்றேதான் எழுதுகிறார்கள்; சந்தேகப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட, எளிதில் நம்புபவர்கள் மட்டும் பதில் போடுவார்கள், மோசடிக்காரனுக்கு நேரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. இன்று செயற்கை நுண்ணறிவின் உதவியால் பிழையே இல்லாத தமிழில் கடிதம் எழுத முடியும். எனவே நடையைப் பார்க்காதீர்கள். பணம் கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பரிசை ஏற்றுக்கொள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொன்னால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

மாட்டிக்கொண்டால்

முதல் வேலை 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைப்பது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால், அதை வழியிலேயே முடக்க முடியும். எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது. உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். வந்த கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வக்கீல் போலவோ அதிகாரி போலவோ சில நாள் கழித்து ஒருவர் பேசலாம். அதற்கும் ஒரு கட்டணம் கேட்பார். முதல் முறை ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்கள் கையில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஏமாந்தவர்கள் பலர் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. வீட்டில் திட்டுவார்கள் என்ற பயமே புகாரைத் தாமதப்படுத்துகிறது. எனவே இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் 1930 எண்ணைப் பதிந்து கொடுங்கள். 'பரிசு என்று யார் பேசினாலும், பத்துப் பைசா கட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்' என்று சொல்லி வையுங்கள்.