பாலைப் பருவத்தில் வஸ்கமுவ

இலங்கைத் தீவில் பாலைவனம் இல்லை. எனினும் பாலை உண்டு. மலையும் காடும் மழை குன்றி வெயிலால் இயல்பு திரிந்த நிலையையே பண்டைத் தமிழர் பாலை என்றனர். அதனைக் காண விழையும் பழைய மாணவர், கண்டியிலிருந்து வார இறுதியிற் சென்று மீளத்தக்க இடம், 1984 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவ ஆகும்.

யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்றுக் கண்டிக்கு மழை தரும். நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்தபின் வறண்டு கீழிறங்கும். அப்போது குட்டைகள் வற்ற, யானைகள் மகாவலியையும் அம்பன் கங்கையையும் நாடும். ஆதலின் காட்சி மிகுந்த காலமே நீர் அரிதான காலமுமாகும்.

தங்குமிடத்தை முன்னரே ஒழுங்கு செய்க. சனிக்கிழமை காலையிற் புறப்பட்டு, ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பாலுள்ள பதினெட்டு வளைவுகளில் இறங்கி, ஹசலக வழியே பொழுது சாயுமுன் பூங்காவின் அயலைச் சேர்க. இருளில் யானைகள் வீதியைக் கடக்கும். ஞாயிறு விடியலில் ஜீப் வண்டியில் உட்புகுக. வெயில் ஏறின் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீராவது வண்டியில் இருத்தல் வேண்டும். வெறும் போத்தல்களைத் தவறாது திருப்பிக் கொணர்க.

இன்னுமொன்று. நம் நகரைச் சூழ்ந்தோடும் மகாவலியே வஸ்கமுவவின் கிழக்கெல்லை. 1976 முதல் பொல்கொல்லவிற் சுரங்கவழி திருப்பப்படும் அதன் நீர், மேற்கெல்லையான அம்பன் கங்கையையும் சேர்கின்றது. ஈண்டு நாம் ஆற்றைத் தூய்மையாக வைத்திருத்தலே அப்பயணத்தின் முதல் ஆயத்தமாகும்.